முயல் விழுங்கிய சொல்

தெற்கு லண்டனில் மிச்சம் என்று அந்த இடத்துக்குப் பெயர் வைத்தவன் நிச்சயமாகத் தமிழன் இல்லை. ஆனால் அங்கே வந்து குடியேறிய யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு அந்தப் பெயர் வாயில் நன்றாக ஒட்டிக்கொண்டது. "எங்க இருக்கிறியள்?" என்று கல்யாண வீட்டில் யாரும் கேட்டால், "மிச்சத்தில" என்று சொல்லிவிட்டுத் தாங்களே முதலில் சிரிப்பார்கள். குகதாசன் அதோடு விடமாட்டார். "ஊரில அழிஞ்சது போக மிச்சம் இஞ்சதான் கிடக்கு" என்பார். அவர் பகிடிக்காரர். அவருடைய மனைவி ஜெயகௌரிக்குச் சொற்களோடு விளையாடப் பயம். சில சொற்களைச் சொன்னால் சில காரியங்கள் நடந்துவிடும் என்பது அவளுடைய எண்ணம்.

அப்படி அவள் வாயில் எடுக்காத சொல் ஒன்று இருந்தது. 'போறன்' என்பது அந்தச் சொல். வீட்டை விட்டு வெளிக்கிடும்போது யாழ்ப்பாணத்தார் அதைச் சொல்லமாட்டார்கள். 'போட்டு வாறன்' என்பார்கள், அவசரமென்றால் வெறும் 'வாறன்'. போகிறவன் தான் வரப்போவதைச் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். குப்பை வாளியை வாசலில் வைக்கப் போனால்கூட ஜெயகௌரி 'வாறன்' சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவாள். இதற்காக மகள் ஜதுர்ஷிகா அவளைக் கேலி செய்யாத நாள் இல்லை.

லண்டன் றோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கக் குசினியில் அவளுக்கு வேலை. காலையில் கிழங்கு அவிப்பதில் தொடங்கும். ஆட்டிறைச்சியை மிளகும் தூளும் போட்டுப் பிரட்டி, கிழங்கோடு பிசைந்து, மெல்லிசாக வார்த்த ரொட்டியில் வைத்துச் சுருட்டி, கரைத்த மாவில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டித் தட்டில் அடுக்கவேண்டும். ரோல்ஸ் சுருட்டுவதில் அவளுடைய கை தனிக் கை. எண்ணெய்க்குள் எத்தனை போட்டாலும் ஒன்றும் வாய் பிளக்காது.

அந்த ரோல்ஸுக்காகவே கடைக்கு வந்துகொண்டிருந்தவள் கிரீட்டா. பக்கத்துத் தெரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. ஐம்பது தாண்டிய, சின்ன உடம்புக்காரி. தென்னாப்பிரிக்காவில் கலகாரிப் பாலைவனத்தின் ஓரத்தில் பிறந்த சான் இனத்துப் பெண். அந்த நாட்டில் எல்லாருக்கும் முதலே இருந்தவர்கள் சான் மக்கள். வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்ந்தார்கள், பாறைகளில் காவி மண்ணால் படம் எழுதினார்கள். பின்னால் வந்தவர்கள் தண்ணீரையும் நிலத்தையும் பிடித்துக்கொண்டு, மானை வேட்டையாடுவதுபோல இவர்களைக் குதிரையில் துரத்திச் சுட்டார்கள். தப்பியவர்கள் பண்ணைகளில் வேலைக்காரர்கள் ஆனார்கள். கிரீட்டாவின் அம்மா சின்ன வயதில் தன் பாஷையைப் பேசியதற்காகப் பண்ணைக்காரனிடம் அடி வாங்கியவள். அதனால் மகளுக்கு வந்து சேர்ந்தது கொஞ்சச் சொற்களும், நாக்கைச் சொடுக்கி எழுப்பும் சில ஒலிகளும், நிறையக் கதைகளும்தான்.

ஒரு நாள் கல்லாவுக்கு முன்னால் நின்றபடி கிரீட்டா கேட்டாள். அவள் பேசியது ஆங்கிலம். ஜெயகௌரியின் கடை ஆங்கிலம் அதற்குப் போதும்.

"நீ வெளியே போகும்போதெல்லாம் ஏதோ சொல்கிறாயே, என்ன அது?"

"போட்டு வாறன். ஐ கோ அண்ட் கம்."

"போவதை மட்டும் சொன்னால் என்ன?"

ஜெயகௌரி மாவு படிந்த கையைப் பார்த்துக்கொண்டு, "அப்பிடிச் சொல்லக்கூடாது" என்றாள். தமிழில்தான் வந்தது. கிரீட்டாவுக்கு விளங்கிவிட்டது. கையிலிருந்த ரோல்ஸைத் திரும்பத் தட்டில் வைத்தாள்.

"எங்கள் முயல் விட்ட பிழை அதுதான்" என்றாள்.

நூல்நிலையத்துக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் கிரீட்டா ஒரு நாடகக் குழு நடத்திவந்தாள். சான் மக்களின் கதைகளையும் அவர்களுக்கு நடந்ததையும் அக்கம்பக்கத்துச் சனத்தை வைத்தே மேடையேற்றுவது அவளுடைய பிடிவாதம். பஸ் ஓட்டுகிற கானா நாட்டுக்காரர், ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்கார ஆசிரியை, போலந்துக்காரத் தாயும் மகளும் என்று எல்லாவிதமான ஆட்களும் அதில் இருந்தார்கள். இப்போது ஜெயகௌரியும் சேர்ந்தாள். குகதாசன் கேட்டுவிட்டு, "என்ன வேஷம்? முயலோ? ரோல்ஸுக்குள்ள போகாமல் இருந்தால் சரி" என்றார்.

கதை சின்னது. நிலா முயலைக் கூப்பிட்டுச் சொல்கிறது: நான் செத்துச் செத்து மீண்டு வருகிறேன், நீங்களும் அப்படியே வருவீர்கள் என்று மனிதரிடம் போய்ச் சொல். முயல் ஓடிப் போய்ப் பிழையாகச் சொல்லிவிடுகிறது. அதனால்தான் செத்தவர்கள் வருவதில்லை. கோபத்தில் நிலா அடித்த அடியில்தான் முயலின் உதடு பிளந்தது.

முயலும் நிலாவும் பேசும் இடம் மட்டும் தமிழில் வரவேண்டும் என்று கிரீட்டா சொன்னாள். நிலாவாக நிற்கப்போவது அவளே என்பதால், "நான் போட்டு வாறன், நீங்களும் போட்டு வாங்கோ" என்பதைப் பாடமாக்கினாள். ழகரம் இல்லாத வசனம் என்பதால் தப்பினாள். முயல் சொல்லவேண்டியது: "நிலா சொல்லிவிட்டது. நான் போறன். நீங்களும் போங்கோ." ஒரு சொல்லை முயல் விழுங்கிவிடுகிறது, அவ்வளவுதான். ஒத்திகையில் முதல் தடவை அதைச் சொன்னபோது ஜெயகௌரி மேடையின் மரத்தைத் தொட்டுக்கொண்டாள். பிறகு பழகிவிட்டது. வீட்டில் எல்லாரும் சுகமாக இருந்தால் எந்தச் சொல்லும் பழகும்.

அக்டோபரில் அந்தச் சுகம் போய்விட்டது. படியேறும்போது குகதாசனுக்கு நெஞ்சை இறுக்கியது. டூட்டிங் ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, மூன்று குழாய் அடைத்துக் கிடக்கிறது, நெஞ்சைத் திறக்கவேண்டும் என்றார்கள். அந்த வாரமே தொலைபேசியில் நாளும் சொன்னார்கள். பள்ளிக்கூட விடுமுறை வாரத்து வியாழக்கிழமை காலை.

புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் மேசையில் இருந்தன. ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

"வியாழன் எண்டால் அண்டைக்குப் பின்னேரம் உம்மட நாடகமெல்லே?" என்றார் குகதாசன்.

"நாடகம் கிடக்கட்டும். நான் வரேல்லை எண்டு சொல்லிவிடுறன்."

"ஏன்? நீரோ என்னை வெட்டப்போறீர்?"

"பகிடி விடாதேங்கோப்பா."

"இஞ்சேரும், உள்ளுக்குக் கொண்டு போனாங்கள் எண்டால் அரை நாள் எடுக்கும். நீர் வெளியில இருந்து சுவரைத்தான் பாப்பீர். உம்மைப் பாத்து மற்றச் சனத்துக்கும் நெஞ்சு நோகும். பிள்ளை நிக்கிறாள்தானே. அந்த மனிசி இவ்வளவு மாசமாப் பாடுபட்டது. நீர் போம். போட்டு வாரும்."

"அதில்லையப்பா. அண்டைக்கு நான் அங்க என்ன சொல்லவேணும் எண்டு தெரியுமெல்லே?"

குகதாசன் புட்டை விரலால் உதிர்த்தபடி இருந்தார். அவருக்குத் தெரியும். ஜெயகௌரியின் பெரியண்ணை தொண்ணூற்றாறில் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனவர். நாவற்குழிப் பக்கம் இராணுவச் சோதனைச்சாவடி வரைக்கும் அவரைக் கண்டவர்கள் இருந்தார்கள். அதற்கப்பால் கண்டவர்கள் இல்லை. அதற்குப் பிறகுதான் அவளுக்கு இந்தச் சொல்மேல் இவ்வளவு பயம்.

"நாடகத்திலதானே கௌரி" என்றார் மெதுவாக.

"வாய் ஒண்டுதானே அப்பா. நாடகத்துக்கெண்டு வேற வாய் வச்சிருக்கிறனே?"

ஜதுர்ஷிகா போனை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ லைன். மாத்திச் சொல்லுங்கோ. போறன் எண்ட இடத்தில போட்டு வாறன் எண்டு சொன்னால் யாருக்கு விளங்கப்போகுது? மிச்சமெல்லாம் இங்கிலீஷ்தானே. கிரீட்டாவுக்கும் தமிழ் தெரியாது."

அந்த யோசனை ஜெயகௌரியின் நெஞ்சுக்குள் குளிர்ந்த தண்ணீர்போல இறங்கியது. ஒருவரும் அறியப்போவதில்லை. கிரீட்டாவின் நாடகமும் கெடாது, புருஷனுக்கும் தோஷமில்லை. இவ்வளவு சுலபமான வழி தனக்கு ஏன் தோன்றவில்லை என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கடைசி ஒத்திகை செவ்வாய் பிற்பகல் நடந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. மண்டபத்துச் சூடாக்கி வழக்கம்போலச் சத்தம் மட்டும் போட்டது. மேடையில் பழைய மரக் கதிரைகள் வட்டமாகக் கிடந்தன. முதல் பாதியில் அந்தக் கதிரைகள் ஒரு நீர்க்குழியைச் சுற்றி வாழ்ந்த சனம். குதிரைக்காரர் வருகிற ஒவ்வொரு தடவையும் ஒருவர் எழுந்து இருட்டுக்குள் போவார், கதிரை மட்டும் அங்கேயே இருக்கும். பசிக்கு ஆடு திருடியதற்காகத் தூரத்து நகரத்தில் சிறைவைக்கப்பட்ட ஒருவரும் அதில் உண்டு. அவர் தன் கதைகளை எழுதிக்கொள்ள வந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டே, எப்போது வீட்டுக்கு விடுவார்கள் என்று கேட்டுக்கொண்டிருப்பார். எல்லாரும் போன பிறகு, வெறும் கதிரைகளுக்கு முன்னால் முயல் ஓடிவரவேண்டும்.

ஜெயகௌரி ஓடிவந்தாள். "நிலா சொல்லிவிட்டது. நான் போட்டு வாறன். நீங்களும் போட்டு வாங்கோ."

கிரீட்டா கையை உயர்த்தினாள்.

"நீண்டுவிட்டது. உன்னுடையது சின்னதாக இருக்கவேண்டும். நீ இப்போது சொன்னது நான் சொல்லும் வசனம்."

நாக்கைச் சொடுக்குவதில்கூட வித்தியாசம் கேட்கிற காதை ஏமாற்றலாம் என்று நினைத்தது ஜெயகௌரியின் மடத்தனம். முகம் சுட்டது. கடை ஆங்கிலத்தில், பாதி தமிழாக, வியாழக்கிழமைக் கதை முழுவதையும் சொன்னாள். நெஞ்சைத் திறப்பதைக் கையால் கீறிக் காட்டினாள்.

கிரீட்டா ஒரு கதிரையில் இருந்தாள். "ஏன் முதலே சொல்லவில்லை? வராதே. அவரோடு இரு. முயல் வருகிற இடத்தை எடுத்துவிடுகிறேன்."

"அவர் போகச் சொல்லுறார். நான் வாறன். ஆனால் அந்தச் சொல் ஏலாது. ஒன் வேர்ட், கிரீட்டா. ஒன்லி ஒன்."

"மற்ற எல்லாவற்றையும் மாற்றிக்கொள். நீ நிற்கும் இடத்தை மாற்று, என்னோடு கோபித்துக்கொள். அந்தச் சொல்லை மட்டும் மாற்றாதே." கிரீட்டாவின் குரல் உயரவில்லை, ஆனால் இறுகிவிட்டது. வெறும் கதிரைகளைக் காட்டினாள். "முயல் சரியாகச் சொல்லியிருந்தால் இவர்கள் எங்கே? வந்திருக்கவேண்டுமே? இதில் இருந்திருக்கவேண்டுமே? எங்கள் ஆட்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல இந்த உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஜெயா. நீயும் அதைச் சொல்லாதே."

ஜெயகௌரிக்குக் கோபம் வந்தது. செத்துப்போனவர்களுக்காக உயிரோடு இருக்கிற என்ர மனிசனை வைச்சுப் பந்தயம் கட்டவோ என்று கேட்க வாய் உன்னியது.

"இன்னொன்று," என்றாள் கிரீட்டா. "சில வீடுகளில் இதை வேறு மாதிரிச் சொல்வார்கள். முயல் மறந்துபோய்ப் பிழையாகச் சொல்லவில்லையாம். முயலின் தாய் செத்துக் கிடந்தாளாம். அழாதே, அவள் வருவாள் என்று நிலா சொன்னதாம். முயல் நம்பவில்லை. இல்லை, என் அம்மா போய்விட்டாள் என்றதாம். அதற்குத்தான் அடி."

ஜெயகௌரி கார்டிகனை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டாள். வாசலில் நின்று, வழக்கமாகச் சொல்வதைச் சொல்லாமலே இறங்கிப் போனாள். ட்ராம் நிறுத்தம் வந்த பிறகுதான் அது உறைத்தது.

வியாழன் விடிய முதலே ஆஸ்பத்திரியில் நின்றார்கள். குகதாசனின் நெஞ்சு மயிரை மழித்திருந்தார்கள். "பொங்கலுக்கு வைச்ச தேங்காய் மாதிரி இருக்கிறன்" என்றார். ஜெயகௌரி சிரிக்கவில்லை. அவருடைய ஒரு வாய்ச் சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். உள்ளே போகும்போது அவர் 'வாறன்' என்று சொல்லவேண்டும், அது போதும்.

கட்டில் நகரத் தொடங்கியது. அவர் அவளைப் பார்த்து வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துத் தாதி அவருடைய கையில் கட்டியிருந்த பெயர்ப் பட்டியைப் பிடித்துக்கொண்டு, பெயரும் பிறந்த தேதியும் கேட்டாள். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். அவர் ஒழுங்காகப் பிறந்த தேதியைச் சொன்னார். சொல்லி முடிய இரட்டைக் கதவு மூடிக்கொண்டது.

"அம்மா, ஹீ வில் பி ஓகே" என்றாள் ஜதுர்ஷிகா.

"கொப்பர் சொல்லேல்லையடி."

"என்னத்தை?"

"வாறன் எண்டு சொல்லேல்லை. டேட் ஓஃப் பேர்த்தைச் சொல்லிப்போட்டுப் போட்டார்."

மத்தியானம் வரை சுவரைப் பார்த்தாள். மகள்தான் எழுப்பிவிட்டாள். "போங்கோம்மா. அப்பா கண் முழிச்சுக் கேட்டால் நான் என்ன சொல்லுறது? எதெண்டாலும் போன் அடிக்கிறன்." பஸ்ஸில் ஏறும்போது ஜெயகௌரி ஒரு முடிவோடு இருந்தாள். காலையில் அவர் சொல்லாமல் விட்டதைப் பின்னேரம் அவள் அவருக்காக மேடையில் சொல்லுவாள். அத்தனை சனத்துக்கு முன்னால், உரத்து, 'போட்டு வாறன்' என்று. கிரீட்டா கோபிக்கட்டும். மன்னிப்பு எத்தனை தடவையும் கேட்கலாம், புருஷனை இரண்டு தடவை கேட்க முடியாது.

மண்டபம் நிறைந்துபோய் இருந்தது. தமிழ்ப் பள்ளிக்கூடத்துத் தாய்மாரைத் திரட்டிக்கொண்டு றோஸ்மலர் அக்கா முன்வரிசையில் குந்தியிருந்தாள். மாதா கோயிலுக்கும் பிள்ளையார் கோயிலுக்கும் ஒரே மாதிரி ஆள் சேர்க்கிறவள். மேடைக்குப் பின்னால் காலைச் சாப்பாட்டுச் சீரியல் பெட்டி மட்டையில் வெட்டிய காதுகளைக் கட்டிக்கொண்டு, ஜெயகௌரி போனைப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கிரீட்டா கிட்ட வந்து அவளுடைய காதை நேராக்கிவிட்டாள். சொல்லைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பெரிய தொந்தரவாக இருந்தது.

முதல் பாதி நடந்தது. குதிரைக் குளம்பொலி கேட்கக் கேட்கக் கானாக்காரர் போனார், ஆசிரியை போனார், போலந்துக்காரத் தாயைப் பிரிந்து மகள் போனாள். கதிரைகள் மிஞ்சின. வெள்ளைத் துணி போர்த்திய கிரீட்டா பின்னால் உயரத்தில் ஏறி நின்று, தான் படித்த தமிழைத் திருத்தமாகச் சொன்னாள்.

"நான் போட்டு வாறன். நீங்களும் போட்டு வாங்கோ. போய்ச் சொல்லு."

முயல் ஓடிவந்தது.

ஜெயகௌரி வாயைத் திறந்தாள். எதிரே கதிரைகள். ஒத்திகையில் இல்லாத ஒன்றாக, ஒரு கதிரையின் முதுகில் யாரோ மறந்துபோய்த் தங்கள் சேர்ட்டை விட்டிருந்தார்கள். கட்டம் போட்ட நீலச் சேர்ட். பெரியண்ணையினுடையது அப்படி இல்லை, அவருடையது வெள்ளை. ஆனாலும் அவளுடைய நாக்கு நின்றுவிட்டது. பெரியண்ணை வாசல் படலையடியில் சைக்கிளோடு ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றதும், திரும்பிப் பார்த்துச் சொன்னதும் முன்னால் வந்தன. அதற்குப் பிறகு இவள் எத்தனை ஆயிரம் தடவை 'வாறன்' சொல்லியிருப்பாள்?

"நிலா சொல்லிவிட்டது" என்றாள். குரல் பிசிறியது. "நான் போறன். நீங்களும் போங்கோ."

முன்வரிசையில் ஒரு சலசலப்பு. "ஐயோ, என்னடி இது" என்றது ஒரு குரல். றோஸ்மலர் அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. குகதாசன் கத்திக்குக் கீழே கிடப்பது அவளுக்குத் தெரியும். எழுந்தே விட்டாள்.

"கௌரி! போட்டு வாறன் எண்டு சொல்லடி பிள்ளை! வாறன் எண்டு சொல்லு!"

வேறும் இரண்டு மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். "வாறன் எண்டு சொல்லுங்கோ அக்கா!" இது நாடகத்தில் உள்ளதுதான் என்று நினைத்துக்கொண்டு ஆங்கிலச் சனம் ஆவலாகப் பார்த்தது.

ஜெயகௌரி அவர்கள் பக்கம் திரும்பினாள்.

"சொன்னவர் அக்கா" என்றாள். "எங்கட பெரியண்ணை சரியாத்தான் சொன்னவர். படலையில நிண்டு, போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர். ஒரு சொல்லும் விழுங்கேல்லை."

றோஸ்மலர் அக்கா அப்படியே நின்றாள். பிறகு மெதுவாகக் குந்தினாள். அந்தத் தாய்மாரில் அநேகமாக எல்லார் வீட்டிலும் அப்படிச் சரியாகச் சொல்லிவிட்டுப் போன ஒருவர் இருந்தார்.

"நான் போறன்" என்றாள் ஜெயகௌரி மறுபடியும், கதிரைகளைப் பார்த்து. இந்தத் தடவை குரல் பிசிறவில்லை.

கிரீட்டா இறங்கி வந்தாள். தமிழ் விளங்காவிட்டாலும் எது நடந்ததென்று அவளுக்கு விளங்கியிருந்தது. அடிக்கிறதாகப் பயின்ற கை அடிக்கவில்லை. காவிக் குழம்பில் தோய்த்த விரலை முயலின் மேலுதட்டில் வைத்து, மூக்கு வரைக்கும் ஒரு கோடு இழுத்தாள். விளக்கு அணைந்தது.

கைதட்டல் முடிய முதலே போன் அதிர்ந்தது. "அம்மா, அப்பாவை வெளியில கொண்டு வந்திட்டினம். ஓல் ஃபைன். இரவு முழிக்க வைப்பினமாம்." ஜெயகௌரி மேடைக்குப் பின்னாலிருந்த கதிரை ஒன்றில் விழுந்தாள். கிரீட்டாதான் மட்டைக் காதுகளை அவிழ்த்துவிட்டு, தன் குடையையும் கொடுத்து பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் குகதாசனைச் சுற்றிக் குழாய்களும் கம்பிகளுமாக இருந்தன. தொண்டைக் குழாயை அப்போதுதான் எடுத்திருந்தார்கள். இருமினால் நெஞ்சில் அழுத்திப் பிடிக்கச் சுருட்டிய துவாய் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அவளைக் கண்டதும் அவருடைய உதடு அசைந்தது. அவள் குனிந்தாள்.

"முயல்... என்ன சொன்னது?"

"போறன் எண்டு சொன்னது." பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "ஒருக்கால் இல்லையப்பா. இரண்டு தரம்."

அவர் கண்ணை மூடினார். அவளுக்குப் பக்கென்றது. திறந்தார்.

"காலமை... உம்மட்டைச் சொல்ல வெளிக்கிட்டனான். அந்தப் பெட்டை பிறந்த தேதியைக் கேட்டுக் குழப்பிப்போட்டாள்."

"ஓம். நீங்கள் சொல்லேல்லை."

"சொல்லாமல் வந்திட்டன்."

"ஓமப்பா. சொல்லாமல் வந்திட்டியள்."

அவர் அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காவி அங்கேயே காய்ந்துபோய் இருந்தது. அவசரத்தில் அவள் முகம் கழுவவில்லை. ஊசி ஏற்றியிருந்த கையை மெல்லத் தூக்கி, பெருவிரலால் அவளுடைய மேலுதட்டைத் தொட்டார்.

"நிலா அடிச்சதோ?"

தலையாட்டினாள்.

"நோகுதோ?"

நெஞ்சைப் பிளந்து தைத்துக் கிடக்கிற மனிதர் கேட்கிறார். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். பெரியண்ணை போன நாளிலிருந்து யார் கேட்டாலும் அவள் அதைத்தான் சொல்லிவந்திருந்தாள்.

"ஓமப்பா" என்றாள். "சரியா நோகுது." கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தாதி திரும்பிப் பார்க்கும்படியாக அழுதாள்.